சில்வர் ஓக்கில் கட்டி இழுத்தால் சேஸிஸ் நிமிராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வளைந்த வண்டிகளை நீலகிரியில் நிமிர்த்தவே கூடாது, எல்லாவற்றையும் கோவைக்கு அனுப்ப வேண்டும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. வண்டியின் மூக்கில் சங்கிலியின் ஒரு முனை, எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மறுமுனை, ரிவர்ஸ் கியர் போட்டு ஒரே வெட்டு என்று வேலை பார்க்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பெயர் நிமிர்த்துவது இல்லை. ஒரு கோணலை இன்னொரு கோணலாக மாற்றிக் கொடுப்பது.

மறுபாதி தவறு. இரண்டு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றிவிடக்கூடிய ஹைட்ராலிக் கருவிகளை வைத்து, குன்னூரிலோ கூடலூரிலோ செம்மையாகச் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. எது இங்கே முடியும், எது முடியாது என்பதற்கு இயந்திரத்தின் பருமன் அளவுகோல் அல்ல. முதலில் அளவெடுத்தார்களா, இரும்பு என்ன ரகம் என்று பார்த்தார்களா, இவை இரண்டும்தான் கேள்வி. டிங்கரிங் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல இடம் கேட்கிறோம்.

கீழே கோவையில் பெரிய பட்டறைகளில் இருப்பது பிரான்சின் செலெட், ஸ்வீடனின் கார்-ஓ-லைனர் வகைப் பெஞ்சுகள். வண்டியை மேலே ஏற்றி நான்கு பக்கமும் இறுக்கிவிட்டு இழுப்பார்கள். அதற்கு மட்டமான பெரிய தளம் வேண்டும். மலைச்சரிவில் ஒன்றரை வண்டி அகலத்தில் ஷெட் போட்டிருப்பவருக்கு அது ஆகாத காரியம். எடுத்துச் செல்லும் கருவிகளில் இரண்டு வகை போதும்.

முதலாவது பாடி ஜாக். கை பம்ப், எண்ணெய் போகும் ஹோஸ், அந்த எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு தள்ளும் ராம், ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொள்ளும் குழாய்கள், பல் வைத்த தலை, ரப்பர் தலை, இடுக்கில் நுழைத்து விரிக்கும் வாய், எல்லாம் ஒரே பெட்டியில். பலரும் இதைப் ‘போர்ட்டா பவர்’ என்பார்கள். பிளாக்ஹாக் என்ற அமெரிக்கக் கம்பெனி வைத்த ‘போர்ட்டோ-பவர்’ என்ற பெயர்தான் அது. இப்போது எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் அதே பெயர்தான். 4 டன் பெட்டி தகட்டு வேலைக்கு, 10 டன் பெட்டி சேஸிஸுக்கு. கதவுச் சட்டத்தை நிமிர்த்த 10 டன்னை எடுப்பவர் தகட்டைக் கிழிப்பார்.

இரண்டாவது சக்கரம் வைத்த இழுப்புச் சட்டம். டோசர் என்பார்கள். எட்டுப் பத்து அடி உத்தரம் ஒன்று வண்டிக்கு அடியில் நீளவாக்கில் போகும். அதன் முன்முனையில் கீல் போட்ட ஒரு கை நிமிர்ந்து நிற்கும். உத்தரத்திலிருந்து சாய்வாக ஒரு ராம் அந்தக் கையை வெளிப்பக்கம் தள்ள, கையில் கோத்த சங்கிலி வண்டியை இழுக்கும். உத்தரத்தின் பின்முனை அதே வண்டியின் சேஸிஸில் பூட்டப்பட்டிருப்பதால் இழுப்பும் எதிரிழுப்பும் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தரையில் கொக்கி புதைக்க வேண்டாம், மரமும் வேண்டாம், மின்கம்பமும் வேண்டாம். மழைக்காலத்தில் மண் ஊறிக் கிடக்கும் ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல.

அளவெடுப்புதான் எங்கள் பட்டறைகளில் அதிகம் தப்புவது. அதுவும் மலையில் தப்புவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வழக்கமான முறை என்னவென்றால், சேஸிஸின் நான்கு மூலைகளில் ஒரே மாதிரியான துளைகளைத் தேர்ந்தெடுத்து, தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, குறுக்கு மூலை இரண்டையும் நாடாவால் அளப்பது. இரண்டும் சமமாக வந்தால் சேஸிஸ் மூலைக்கு மூலை கோணாமல் இருக்கிறது. தளம் மட்டமாக இருந்தால் இது அருமையான முறை. நம் ஊரில் தளம் எங்கே மட்டம்? ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரை காலடியில் தெரியும் ஊர் இது. நீளவாக்கில் மீட்டருக்கு 6 செ.மீ., அகலவாக்கில் மீட்டருக்கு 6 செ.மீ. சரிவு இருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 2,500 மி.மீ. நீளம், 800 மி.மீ. அகலம் உள்ள, கோணலே இல்லாத சேஸிஸை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி அந்தத் தரையில் புள்ளி வைத்தால், ஒரு குறுக்களவு 2,632 மி.மீ., மற்றது 2,627 மி.மீ. வரும். நல்ல சேஸிஸே 5 மி.மீ. கோணல் காட்டும். அதை ‘சரிசெய்ய’ இழுத்தால் அன்றைக்குத்தான் அது கோணலாகும்.

இதற்கு மருந்து எளிது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கி, சேஸிஸின் அடிபடாத நடுப்பகுதியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். பிறகு தரையை மறந்துவிட்டு சேஸிஸிலேயே அளங்கள். அதற்கு டிராம் கேஜ் என்ற நீட்டுக்கோல் உண்டு: நீளமான தண்டில் நகரும் இரண்டு முள், இடையில் எஞ்சினோ கியர்பாக்ஸோ இருந்தாலும் முள்ளின் உயரத்தை வைத்துத் தாண்டிப் போகலாம். இரண்டு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஏறுமாறாக இருந்தால் மறுபடியும் அதே சரிவுக் கணக்குதான். கேஜ் இல்லாதவர் புள்ளி விழும் இடங்களில் பலகை போட்டு நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து அளக்கலாம்.

குறுக்களவில் வரும் வித்தியாசத்தை அப்படியே இழுக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஒரு சைடு மெம்பர் (சேஸிஸின் நீளவாக்குச் சட்டம்) மட்டும் பின்னால் தள்ளிப் போயிருந்தால், இரண்டு குறுக்களவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிதான் அது நகர்ந்த தூரம். 12 மி.மீ. வித்தியாசம் என்றால் 6 மி.மீ. நகர்ந்திருக்கிறது. 12 என்று படித்து 12 இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

குறுக்களவு மட்டும் போதாது. ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் இறங்கியும் முறுக்கியிருக்கும் சேஸிஸில் குறுக்களவு சமமாகவே வரலாம். அதைப் பிடிக்க மூன்று குறுக்குக் குழாய்களை ஒரே நீளக் கொக்கிகளால் சேஸிஸின் முன்னால், நடுவில், பின்னால் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் சரிநடுவிலும் ஓர் ஆணியை நிறுத்துங்கள். முன்னால் மண்டியிட்டு ஒற்றைக் கண்ணால் பாருங்கள். குழாய்கள் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு. ஆணிகள் ஒரே கோட்டில் விழாவிட்டால் பக்கவாட்டு வளைவு. இதற்குக் கடையில் கேஜ் விற்கிறார்கள். முக்கால் அங்குலக் குழாயில் நீங்களே செய்துகொண்டாலும் அதே வேலையைச் செய்யும். சர்வீஸ் புத்தகம் கையில் இல்லையென்றால் அதே மாடல், அடிபடாத வண்டி ஒன்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஜீப்புக்கும் பொலிரோவுக்கும் இந்த மலையில் பஞ்சமா?

கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டியோடு மோதினால் பெரும்பாலும் அடி விழுவது வலது முன் மூலையில். இரண்டு சைடு மெம்பரைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் ஏணிச் சேஸிஸ் உள்ள வண்டியில் முதலில் முன்கொம்பு (சைடு மெம்பரின் முன்முனை) சுருங்கும், அடுத்து சைடு மெம்பர் வெளியே பிதுங்கும், வேகம் மிச்சமிருந்தால் வலது சைடு மெம்பர் முழுவதும் பின்னால் தள்ளிப்போய் சேஸிஸ் டைமண்ட் ஆகும், அதாவது செவ்வகம் சாய்ந்துவிடும். நிமிர்த்தும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். கடைசியாக வளைந்தது முதலில் வர வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்று கொம்பை முதலில் இழுத்தால் கொம்பு நீண்டு மெலியும், பின்னால் உள்ள டைமண்ட் அப்படியே இருக்கும்.

இழுக்கத் தொடங்கும் முன் ரேடியேட்டரை இறக்கிவிட்டு, பாடி மவுண்ட் போல்ட்டுகளையும் எஞ்சின் மவுண்ட்டையும் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் சேஸிஸோடு பாடியும் இழுபட்டு, நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு மூடாது. டைமண்டை எடுக்க டோசரின் பின்முனையை இடது சைடு மெம்பரில் மட்டும் பூட்டி, வலதை முன்னோக்கி இழுங்கள். பின்னால் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வலது மெம்பர் நீட்டி இழுபடுமே தவிர, இரண்டும் ஒன்றுக்கொன்று நகராது. டைமண்ட் போனபின், பிதுங்கிய இடத்துக்குப் பக்கவாட்டில் பாடி ஜாக். கொம்பு கடைசி.

ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் பம்ப், நிறுத்து, அளவு. அழுத்தம் இருக்கும்போதே சுருக்கம் விழுந்த இடத்தைச் சுற்றி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். அங்கே அடைபட்டிருக்கும் இறுக்கம் தட்டத் தட்டத்தான் விடும். பம்பில் உள்ள அழுத்தக் கேஜின் முள் தானாக இறங்குவதைப் பார்க்கலாம். முள் இறங்கினால் இரும்பு வருகிறது என்று அர்த்தம், அல்லது கிளாம்ப் வழுக்குகிறது. எது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பம்ப். இரும்புக்கு ஞாபகசக்தி உண்டு, விட்டதும் கொஞ்சம் திரும்பிப் போகும். அதனால் 3 முதல் 5 மி.மீ. தாண்டி இழுத்து, தட்டி, முழுவதும் தளர்த்திய பிறகு வரும் அளவே அளவு. சங்கிலி இறுகியிருக்கும்போது எடுத்த அளவை வாடிக்கையாளரிடம் காட்டுவது ஏமாற்று வேலை.

கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) ரிவெட்டில் நிற்கும் வண்டிகளில், டைமண்ட் எடுத்தபின் ஒவ்வொரு ரிவெட் தலையையும் பாருங்கள். தலையைச் சுற்றித் துருப்பொடி வளையம் கட்டியிருந்தால் அது ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே வெல்டிங் வைத்து மூடாதீர்கள். ரிவெட்டை எடுத்துவிட்டு, துளையைச் சீவி, இறுக்கமாகப் பொருந்தும் ஹைடென்சைல் போல்ட் போட வேண்டும். ஆர்க் வெல்டிங் தொடங்கும் எந்த வேலைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சொல்ல வேண்டியிருக்கிறது.

அழுத்தக் கேஜ் இல்லாத பம்பை வாங்காதீர்கள். 10 டன் ராமின் பிஸ்டன் பரப்பு சுமார் 14.4 சதுர செ.மீ., முழு அழுத்தம் 700 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). ஆகவே கேஜில் 70 பார் ஏறினால் ஏறக்குறைய ஒரு டன் என்று மனக்கணக்கு போடலாம். இது எதற்கு உதவும் என்றால், கிரேடு 80 ரகத்தில் 10 மி.மீ. சங்கிலியில் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய பளு 3.15 டன்தான். ராம் 10 டன், சங்கிலி 3 டன். கேஜைப் பார்க்காமல் பம்ப் அடிப்பவர் எந்தப் பக்கம் அறும் என்று தெரியாமல் அடிக்கிறார். ராமின் விசை நேராகச் சங்கிலிக்குப் போகும் அமைப்பில் 210 பாரைத் தாண்டக் கூடாது.

டோசரில் இன்னொரு நுணுக்கம். கை நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. ராம் கீலிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தள்ளுகிறது, சங்கிலி 60 செ.மீ. உயரத்தில் என்றால் சங்கிலிக்குப் பாதி விசை. சங்கிலியை 15 செ.மீ.க்கு இறக்கிவிட்டால் இரண்டு மடங்கு. அதே பம்ப், அதே கேஜ். கீழே இறக்கிக் கோத்தபோது சங்கிலி அறுந்தது என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ராம் சாய்வாக நிற்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும், பாதுகாப்புக்கு அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது நல்லது.

சங்கிலி வளையத்தில் 8 அல்லது 80 என்று அச்சு இருக்க வேண்டும். லாரி கட்டி இழுக்கிற பெயர் தெரியாத சங்கிலி ஆகாது. முறுக்கோடு மாட்டக் கூடாது, கொக்கியின் நுனியில் பளு ஏற்றக் கூடாது, முடிச்சு போடவே கூடாது. மேலே கனமான கம்பளியோ சாக்கோ போட்டுவிட்டு, சங்கிலி போகும் கோட்டில் ஆள் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பம்ப் அடிக்க வேண்டும். வண்டி நிற்பது ஸ்டாண்டில். சக்கரத்துக்குக் கல் வைப்பது ரோட்டோரத்துக்குச் சரி, இழுக்கும் வேலைக்கு ஆகாது.

பாடி ஜாக்கில் நடக்கும் பெரிய தவறு வேறு. ராம் இரண்டு பக்கமும் ஒரே விசையில்தான் தள்ளும். எது பலவீனமோ அதுவே நகரும். அடிபட்ட கதவுத் தூணைத் தள்ளுவதாக நினைத்து எதிர்ப்பக்கம் நன்றாக இருந்த தூணை வெளியே தள்ளிவிடுவது தினசரிக் கதை. நல்ல பக்கத்தில் பெரிய மரக்கட்டையோ தடித்த இரும்புத் தகடோ வைத்து விசையைப் பரப்புங்கள், அளவுகோலை இரண்டு பக்கமும் வையுங்கள். குழாய்களைத் திருகும்போது மரை முழுவதும் ஏற வேண்டும். நாலு மரையில் நிறுத்தினால் மரை உரிந்து குழாய் அம்பு மாதிரி வரும். ராமின் நேர்கோட்டில் இல்லாமல் ஓரமாகப் பளு ஏறும் தலைகளை மாட்டினால் சொன்ன டன்னில் பாதிதான் ஏற்றலாம்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. உறைபனி விழும் தை மாதக் காலையில் ஊட்டியில் பம்ப் கனமாக இருப்பதும் ராம் மெதுவாகத் திரும்புவதும் பழுது அல்ல, எண்ணெய் இறுகியிருக்கிறது. 46 ரக எண்ணெய்க்குப் பதில் அதைவிட இளக்கமான 32 போடுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள், சீல் ஊதி வீணாகும். ராம் பஞ்சு மாதிரி அமுங்கி அமுங்கி வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பம்பை மேலே வைத்து, ராமைத் தலைகீழாகக் கீழே பிடித்து, சுமையில்லாமல் நாலைந்து தடவை நீட்டி மடக்கினால் காற்று டேங்குக்கு ஏறிவிடும். கம்ப்ரஸரில் ஓடும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு, 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். டேங்க் நிறைய நேரமாகும், பம்ப் மெதுவாக அடிக்கும், கடைசியில் கிடைக்கும் டன் குறையாது. மின்வெட்டு நாளில் கை பம்ப்தான் கை கொடுக்கும். ஹோஸில் எண்ணெய் பீச்சுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். காயம் கொசு கடித்த மாதிரி இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம்.

மோனோகாக் கார்களுக்கு வருவோம். இவற்றில் தனிச் சேஸிஸ் கிடையாது, கதவுக்கு அடியில் தகடுகள் சேர்ந்து வெல்டான விளிம்பில் நான்கு கிளாம்ப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். விளிம்பில் உள்ள பெயின்ட்டையும் தார்ப்பூச்சையும் சுரண்டாவிட்டால் கிளாம்ப் வழுக்கும். வருஷத்தில் பாதி நாள் பனியிலும் மழையிலும் நனைகிற வண்டிகள் இவை. விளிம்பு உள்ளிருந்து துருவேறியிருந்தால் கிளாம்ப் விளிம்போடு கையில் வந்துவிடும். முதலில் சுத்தியால் தட்டிக் கேளுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் அந்த வண்டியை இழுக்காதீர்கள். வேலை முடிந்ததும் சுரண்டிய இடத்தில் ஜிங்க் பிரைமர் அடிக்காமல் அனுப்புவது அடுத்த பழுதுக்கு முன்பணம் வாங்குவது போல.

கோவைக்கு அனுப்ப வேண்டியது எது என்பதில் வாசகரோடு முழுக்க ஒத்துப்போகிறோம். 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயமானது. இப்போதைய கார்களில் நடுத்தூணிலும் கதவுக்கு அடியிலும் மிகக் கடினமான எஃகு வருகிறது. அதை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். இழுத்தால் வெடிப்பு விடும், சூடு காட்டினால் பலம் போகும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. சைடு மெம்பரின் முன்பகுதியில் நசுங்குவதற்கென்றே வைத்திருக்கும் மடிப்பும் துளையும் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். நிமிர்த்தினால் அடுத்த மோதலில் அது எப்படி நசுங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய வண்டிக்கும் ஒரு விதி: வளைந்தது நிமிரும், காகிதம் போல மடிந்தது நிமிராது. மடிந்த இடத்தில் இரும்பு ஏற்கனவே கிழியத் தொடங்கியிருக்கும். அங்கே கேஸ் டார்ச்சைக் காட்டி ‘சிவக்க வைத்து’ நிமிர்த்துவதைக் கைத்திறமை என்று நினைக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் மங்கிய சிவப்பு தெரியாது, கண்ணுக்குத் தெரியும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். கம்பெனிப் புத்தகம் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் டார்ச் வேண்டாம். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் பகுதியில் வெட்டு, வெல்டிங் எதுவும் கூடாது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பதற்கு முன் கை வைக்க வேண்டாம்.

வண்டிக்காரர்களுக்கு. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு, இடம் வலம் குறித்த தாளாக, பில்லோடு கேளுங்கள். பட்டறை தராவிட்டால் அவர்கள் அளக்கவில்லை. வண்டியை எடுக்கும் முன் ஈரத்தரையில் நேராக இருபது அடி ஓட்டச் சொல்லிவிட்டு டயர் தடத்தைப் பாருங்கள். பின்டயர் தடம் முன்டயர் தடத்திலிருந்து இடது பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறதோ, வலது பக்கமும் அதே அளவு விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பின் ஆக்சில் நேராக இல்லை. வீல் அலைன்மென்ட் கடையில் முன்சக்கரத்தை மட்டும் திருப்பி அதை மறைத்துவிடலாம், ஸ்டீயரிங்கும் அன்றைக்கு நேராக நிற்கும். ஆனால் குன்னூருக்குக் கீழே பர்லியாறு இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இப்படிக்கு,
டிங்கரிங் தொழிலாளர்கள் சிலர்,
குன்னூர்.